‘நெட் இருக்கு, ஆனா ஓபன் ஆவல!’ – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்து. தங்கசாலையில் தொடங்கி எண்ணூர் வரை பேட்டை மாறினாலும், பல கடிதங்களில் ஒரே வரி: “ரீசெட் பண்ணிப் பாத்துட்டேன், சரியாவல.” அதனால் பதில்களுக்கு முன் இது மட்டும். ரௌட்டரின் பின்னால் ஊசி நுழைகிற ஓட்டைக்குள் இருப்பதுதான் ரீசெட். அதைப் 10 விநாடி அழுத்திப் பிடித்தால் பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும். நெட்டுக்குள் நுழைய நெட்காரர் போட்டுவைத்த பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்ட், விலான் எண் எல்லாம் அழியும். பழைய கோளாறு அப்படியே இருக்க, புதிதாக ஒன்று சேரும். சுவிட்சை அணைத்து 30 விநாடி கழித்துப் போடுவது வேறு, அது ரீஸ்டார்ட். அதை எத்தனை முறை செய்தாலும் ஒன்றும் கெடாது. ஊசியைக் கையில் எடுக்காதீர்கள்.

வாட்ஸ்அப் மெசேஜ் வருது, போவுது. குரோம்ல எந்த சைட் போட்டாலும் சுத்திக்கினே இருந்துட்டு, ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ன்னு வருது. நெட்காரருக்கு போன் போட்டா ‘லைன் நல்லாத்தான் இருக்கு’ங்கிறார். யார் சொல்றது நிஜம்?
– கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை

இரண்டு பேர் சொல்வதும் நிஜம். லைன் இருக்கிறது, பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்ல வேண்டிய இடம் பதில் தராமல் இருக்கிறது. டிஎன்எஸ் என்பது அந்த இடத்துக்குப் பெயர்.

நீங்கள் தட்டுவது ஒரு பெயர். கம்பியில் போகிற தகவல் பொட்டலத்துக்குப் பெயர் தெரியாது, மெஷினின் விலாசமான ஐபி எண்தான் தெரியும். ஒரு காலத்தில் இணையத்தில் இருந்த எல்லா மெஷின்களின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் ஒரு ஆராய்ச்சி நிறுவனம் அதைப் பராமரித்தது, மற்றவர்கள் நகலெடுத்துக்கொண்டார்கள். மெஷின்கள் பெருகவும் அது தாங்கவில்லை. 1983இல் பால் மோக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். 1987இல் திருத்தி எழுதிய விதிமுறைதான் இன்றும் அடிப்படை.

உங்கள் போன் ரௌட்டரைக் கேட்கும். ரௌட்டர் நெட் கம்பெனியின் டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும். அதற்கும் தெரியாவிட்டால் ரூட் சர்வரிடம் போகும். ரூட் சர்வர்களுக்கு ஏ முதல் எம் வரை 13 பெயர்கள்தான். ஆனால் அந்தப் பெயர்களில் உலகெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மெஷின்கள் நிற்கின்றன. ரூட், ‘டாட் இன் பற்றி அங்கே கேள்’ என்று கைகாட்டும். டாட் இன், அந்தத் தளத்தின் சொந்த சர்வரைக் கைகாட்டும். கடைசியில் எண் கிடைக்கும். சாதாரணமாக இத்தனையும் கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். நடுவில் ஒருவர் வாய் திறக்கவில்லை என்றால் உங்கள் திரை சுற்றிக்கொண்டே இருக்கும். வாட்ஸ்அப் மட்டும் ஓடுவதற்குக் காரணம், அது ஒருமுறை பிடித்த இணைப்பை விடாமல் வைத்திருக்கும். ஒவ்வொரு செய்திக்கும் பெயர் கேட்டு ஓடாது.

சோதிப்பது எளிது. விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி சிஎம்டி என்று தட்டினால் கறுப்புத் திரை வரும். முதலில் பிங் என்று தட்டி, இடைவெளி விட்டு 8.8.8.8 (கூகுளின் டிஎன்எஸ் சர்வர் எண்) போடுங்கள். அடுத்து அதே பிங், எண்ணுக்குப் பதில் ஏதாவது ஒரு தளத்தின் பெயர். எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு ‘ஹோஸ்ட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று வந்தால் கோளாறு டிஎன்எஸ்தான். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் லைனில் கோளாறு. நெட்காரர் வந்துதான் ஆக வேண்டும். பெயருக்குப் பக்கத்திலேயே எண்ணும் தெரிந்து, பிரவுசர் மட்டும் திறக்கவில்லை என்றால் பிரவுசரையோ கம்ப்யூட்டரின் தேதியையோ பாருங்கள் (கீழே பெரம்பூர் வாசகருக்குச் சொன்ன பதில்).

திருத்துவதை ரௌட்டரிலேயே செய்யுங்கள். வீட்டிலுள்ள எல்லாக் கருவிக்கும் ஒரே வேலையாக முடியும். பிரவுசரில் 192.168.1.1 அல்லது பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் எண். உள்ளே போய் லேன், அதற்குள் டிஹெச்சிபி சர்வர். பிரைமரி டிஎன்எஸ் 1.1.1.1 (கிளவுட்ஃபிளேர் நிறுவனத்துடையது), செகண்டரி 8.8.8.8. சேமித்ததும் போனில் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். போன் வைஃபையில் இணையும்போதுதான் டிஎன்எஸ் எண் அதற்குப் போகிறது. அதுவரை பழைய எண்ணையே வைத்திருக்கும். ‘மாத்தியும் சரியாவல’ என்று சொல்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். கம்ப்யூட்டரில் ஐபிகான்ஃபிக், இடைவெளி, சாய்கோடு, ஃப்ளஷ்டிஎன்எஸ் என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் பழைய நினைவு அழியும்.

ஆண்ட்ராய்டில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்று ஒரு இடம் உண்டு, 2018இல் வந்த 9ஆம் பதிப்பிலிருந்து. அங்கே 8.8.8.8 என்று போட்டால் ஏற்காது. அது பெயரைத்தான் கேட்கும்: டிஎன்எஸ் டாட் கூகுள். அதைப் போட்டுவைத்தால் ரயில் நிலையம் போன்ற இடங்களில் லாகின் பக்கம் வரும் வைஃபை சில நேரம் திறக்காது. வெளியே போகும்போது ‘ஆட்டோமேட்டிக்’கில் விட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ரௌட்டரின் டிஎன்எஸ் இடத்தில் நீங்களும் போடாத, நெட்காரரும் போடாத எண் இருந்தால் அலட்சியமாக இருக்காதீர்கள். பெயர் கேட்கிற இடத்தைக் கைப்பற்றியவர் வங்கியின் பெயருக்குத் தன் எண்ணைத் தர முடியும். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற வைரஸ் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இதைத்தான் செய்தது. 2011இல் ஆட்களைப் பிடித்த பிறகும் அந்தத் திருட்டு சர்வர்களை உடனே அணைக்க முடியவில்லை. அணைத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நெட்டே நின்றுவிடும். நல்ல சர்வர்களை அதே எண்ணில் வைத்து ஓட்டி, 2012 ஜூலை 9 அன்றுதான் நிறுத்தினார்கள். உங்கள் பெட்டியின் பாஸ்வேர்ட் இன்னும் அட்மின், அட்மின் என்றே இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

பிரின்டர் தினமும் காலைல ‘ஆஃப்லைன்’னு காட்டுது. ஆள் வந்து திரும்ப இன்ஸ்டால் பண்ணா ஓடுது. மறுநாள் காலைல அதே கதை. பிரின்டரே மாத்தணும்ங்கிறாங்க.
– ஜெராக்ஸ் கடைக்காரர், பழைய வண்ணாரப்பேட்டை

மாற்ற வேண்டாம், பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். பிரின்டர் ஓடுகிறது, வீடு மாறிவிட்டது, கம்ப்யூட்டர் பழைய விலாசத்துக்கே போய்க் கதவைத் தட்டுகிறது.

ரௌட்டருக்குள் இருக்கும் டிஹெச்சிபிதான் எல்லாக் கருவிக்கும் ஐபி எண் கொடுக்கிறது. அதுவும் சொந்தமாக இல்லை, லீஸுக்கு. நம் பக்கத்தில் லீஸுக்கு வீடு பிடிப்பது போலத்தான். கருவி ‘யாராவது எண் தருவீர்களா’ என்று கூவும். ரௌட்டர் ‘இது காலியாக இருக்கிறது’ என்னும். கருவி ‘அதையே எடுத்துக்கொள்கிறேன்’ என்னும். ரௌட்டர் ‘சரி’ என்று முடிக்கும். நான்கே பேச்சு. லீஸ் 24 மணி நேரம் என்றால் பாதியில், அதாவது 12 மணி நேரத்தில், கருவி புதுப்பிக்கக் கேட்கும். நீங்கள் இரவு கடை பூட்டும்போது மெயினை அணைக்கிறீர்கள். பல சாதா ரௌட்டர்கள் யாருக்கு என்ன கொடுத்தோம் என்ற கணக்கை அதோடு மறந்துவிடும். காலையில் உங்கள் போன் முதலில் இணைந்து, நேற்று பிரின்டரிடம் இருந்த எண்ணை வாங்கிக்கொள்ளும். பிரின்டருக்கு வேறு எண். விண்டோஸோ நேற்றைய எண்ணையே போர்ட்டாக எழுதிவைத்திருக்கிறது.

தீர்வு: பிரின்டருக்கு ஒரே எண்ணை நிரந்தரமாக ஒதுக்குவது. பிரின்டர் மெனுவில் நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் பக்கத்தை அச்சிடுங்கள். அதில் மேக் அட்ரஸ் என்று 12 எழுத்தும் எண்ணுமாக ஒன்று இருக்கும். ரௌட்டரில் டிஹெச்சிபி பக்கத்தில் அட்ரஸ் ரிசர்வேஷன் (சில பெட்டிகளில் ஸ்டேட்டிக் டிஹெச்சிபி) என்ற இடத்தில் அந்த மேக்கையும், ஒதுக்க விரும்பும் எண்ணையும் போடுங்கள். உதாரணமாக 192.168.1.200. சில ரௌட்டர்கள் தாம் வழங்கும் வரிசைக்குள் இருக்கும் எண்ணைத்தான் ஏற்கும். வரிசை 2 முதல் 150 வரை என்றால் 200ஐ மறுக்கும். அப்போது 150ஐ ஒதுக்குங்கள், அல்லது வரிசையை நீட்டுங்கள். பிரின்டரை அணைத்துப் போட்டதும் புது எண்ணைப் பிடிக்கும்.

பாதி வேலைதான் முடிந்தது. கம்ப்யூட்டரில் பிரின்டர் பிராப்பர்ட்டீஸ், போர்ட்ஸ், ஆட் போர்ட், ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி போர்ட் என்று போய் அதே எண்ணைத் தாருங்கள். பிறகு ‘கான்ஃபிகர் போர்ட்’டுக்குள் ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்ட்’ என்பதில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். இது முக்கியம். பிரின்டர் நலமாக இருக்கிறதா என்று விண்டோஸ் இதன் வழியாக விசாரிக்கும். சில பிரின்டர்கள் அந்த விசாரணைக்குப் பதில் சொல்லாது. எண் சரியாக இருந்தும் ‘ஆஃப்லைன்’ என்று காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடையில் வைஃபை எட்டவில்லை என்று இரண்டாவது ரௌட்டர் ஒன்று வைத்திருக்கிறீர்களா? பழைய ரௌட்டரை எடுத்து லேன் துளையில் கம்பி செருகி ஓட்டினால், அதற்குள்ளும் ஒரு டிஹெச்சிபி எண் கொடுத்துக்கொண்டிருக்கும். ஒரே தெருவில் இரண்டு பேர் கதவிலக்கம் கொடுத்தால் தபால் எங்கே போகும்? இரண்டாவது பெட்டியில் டிஹெச்சிபியை அணைத்து, அதன் சொந்த எண்ணை 192.168.1.2 போல மாற்றிவைக்க வேண்டும். அந்த எண் முதல் ரௌட்டர் வழங்கும் வரிசைக்குள் வராதபடி வரிசையை 10இலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். கருவி ஏதாவது 169.254 என்று தொடங்கும் எண்ணோடு இருந்தால், யாரும் எண் தராததால் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அதை வைத்து வெளியே போக முடியாது. கம்பியையோ ரௌட்டரையோ பாருங்கள்.

200 எம்பிபிஎஸ் பிளான். வைஃபைல 180 காட்டுது. கம்பி போட்ட கம்ப்யூட்டர்ல 94-ஐத் தாண்ட மாட்டேங்குது. கம்பி வைஃபையை விட வேகம்னு சொல்வாங்களே?
– மீன் ஏற்றுமதி அலுவலகக் கணக்கர், காசிமேடு

அந்த 94 என்ற எண்ணே பாதி விடையைச் சொல்கிறது. 100 எம்பிபிஎஸ்ஸில் இணைந்த கம்பியில், ஒவ்வொரு பொட்டலத்தின் உறை, தலைப்பு செலவெல்லாம் போக, நடைமுறையில் கிடைப்பது 94, 95தான். உங்கள் கம்ப்யூட்டரும் ரௌட்டரும் 1000இல் பேச முயன்று, முடியாமல் 100க்கு இறங்கியிருக்கின்றன.

நெட்வொர்க் கம்பிக்குள் 8 இழை, 4 ஜோடி. 1000க்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100க்கு 1, 2, 3, 6 ஆகிய இழைகள் இரண்டு ஜோடியாகப் போதும். 4, 5, 7, 8இல் ஒன்று அறுந்தாலும் துருவேறினாலும் நெட் நிற்காது, வேகம் மட்டும் இறங்கும். அதனால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. கடற்கரை ஓரத்தில் உப்புக் காற்று ஆர்ஜே45 முனையின் பின்களில் பச்சை படிய வைக்கும். முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். தங்க நிறம் மங்கி, பச்சையோ கறுப்போ படிந்திருந்தால் துடைத்துக்கொண்டிருக்காதீர்கள், வெட்டிப் புது முனை போடுங்கள்.

வரிசை இரண்டு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. முறுக்கைப் பிரிப்பது 13 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். வெளி உறை முனையின் பிளாஸ்டிக்குக்குள் வரை போய்ப் பிடிபட வேண்டும், இல்லாவிட்டால் இழுத்த இழுப்பில் இழை கழன்றுவிடும். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறதா என்று பாருங்கள்.

புதுக் கம்பி வாங்க ரிச்சி தெருவுக்குப் போகிறீர்கள் என்றால் விலையைக் கேட்பதற்கு முன் ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. உப்புக் காற்றில் அது சீக்கிரம் போகும், முனையிலேயே முறியும். உள்ளும் புறமும் செம்பாக இருப்பதை வாங்குங்கள். ஒரு ஓட்டம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஜன்னல் வழியாக உள்ளே வரும் கம்பியை நேராக நுழைக்காமல், கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றி நுழையுங்கள். மழைத் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், ரௌட்டருக்குள் வழியாது. ஒரு மாடியிலிருந்து பக்கத்து மாடிக்குச் செம்புக் கம்பி இழுத்திருந்தால் இடிக்கு அது ஏணி. அந்த இடத்துக்கு மட்டுமாவது ஃபைபர் போடுங்கள்.

கேமரா பதிவுல நேரம் சரியா அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டுது. ஏன்?
– மளிகைக் கடைக்காரர், ராயபுரம்

டிவிஆரில் (கேமரா பதிவுப் பெட்டி) டைம் ஜோன் ஜிஎம்டி +0 என்று இருக்கிறது. +5:30 ஆக்குங்கள், டிஎஸ்டி (கோடைக்கால நேர மாற்றம்) என்பதை அணையுங்கள். அப்படியே என்டிபி (நெட்டிலிருந்து நேரத்தைச் சரிசெய்யும் முறை) என்ற இடத்தில் டைம் டாட் என்பிஎல்இந்தியா டாட் ஓஆர்ஜி என்று ஆங்கிலத்தில் போடுங்கள். இந்திய நேரத்தைக் காக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வர் அது. நேரத்தைக் கையால் மாற்றி விடுவது தீர்வல்ல, டிவிஆரின் கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். திருட்டு நடந்த பிறகு ‘எங்க கேமரா நேரம் தப்பு’ என்று போலீசிடம் விளக்குவதைவிட இது மேல்.

கரண்ட் கட் ஆகி வந்தா எந்த சைட் திறந்தாலும் ‘உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல’ன்னு சிவப்பா வருது. வைரஸா?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்

வைரஸ் இல்லை, வட்ட பேட்டரி. திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருக்கும். மதர்போர்டில் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி ஒன்று, கரண்ட் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டும். அது செத்துவிட்டது. பூட்டுப் படம் போட்ட ஒவ்வொரு தளத்துக்கும் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று ஒரு சான்றிதழ் உண்டு. பல தளங்களுக்கு அது 90 நாள்தான். உங்கள் கம்ப்யூட்டர் கணக்கில் அந்தச் சான்றிதழே இன்னும் பிறக்கவில்லை, அதனால் போலி என்று நினைக்கிறது.

என்டிபி தானாகத் திருத்தாதா என்று கேட்பீர்கள். 15 மணி நேரத்துக்கு மேல் தள்ளியிருந்தால், வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸின் நேரச் சேவை தானாகத் திருத்த மறுக்கும். அவ்வளவு பெரிய வித்தியாசத்தை அது நம்பாது. எனவே தேதியையும் நேரத்தையும் கையால் போட்டு, பிறகு ‘சிங்க் நவ்’ அழுத்துங்கள்.

பேட்டரி மாற்ற: பிளக்கைப் பிடுங்குங்கள், பவர் பட்டனை 5 விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியுங்கள், ஓரக் கொக்கியை நகர்த்தினால் பேட்டரி துள்ளி வரும். புதியதில் கூட்டல் குறி மேலே தெரிய வேண்டும். முதல்முறை போட்டதும் டிலீட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய்த் தேதியைப் பாருங்கள். அப்படியே சாட்டா மோடையும் (டிஸ்கோடு பேசும் முறை) பாருங்கள். ஏஹெச்சிஐ என்று இருந்தது வேறாகிவிட்டால் விண்டோஸ் எழும்பாது. ‘பேட்டரி மாத்தினதும் ஹார்ட் டிஸ்க் போச்சு’ என்று கடையில் சொல்லப்படுவது பல நேரம் இதுதான். அந்தச் சிவப்புப் பக்கத்தில் ‘இருந்தாலும் தொடர்க’ என்று ஒன்று இருக்கும். தேதி தப்பு என்று தெரிந்தாலும் வங்கித் தளத்தில் அதை மட்டும் தொடாதீர்கள்.

வெப்சைட்டைப் புது ஹோஸ்டிங்குக்கு மாத்தினோம். எனக்குப் புது சைட் தெரியுது, கஸ்டமருக்குப் பழசு தெரியுது. மெயில் சுத்தமா நின்னுபோச்சு. கொட்டேஷன் எல்லாம் எங்க போச்சுன்னு தெரியல.
– இரும்பு பைப் வியாபாரி, மண்ணடி

இரண்டும் வேறு வேறு தவறு. முதலாவது பொறுமை சம்பந்தப்பட்டது. டிஎன்எஸ் பதில் ஒவ்வொன்றுக்கும் டிடிஎல் என்று ஆயுள் உண்டு, விநாடிக் கணக்கில். 86,400 என்று இருந்தால் ஒரு நாள். நேற்று உங்கள் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்ட சர்வர், அந்த ஒரு நாள் முடியும்வரை பழைய எண்ணையே தரும். இனி மாற்றும்போது இரண்டு நாள் முன்பே டிடிஎல்லை 300ஆகக் குறையுங்கள். மாற்றிய பின் ஒரு வாரம் பழைய ஹோஸ்டிங்கை ஓட விடுங்கள். பிறகு டிடிஎல்லைப் பழையபடி ஏற்றுங்கள். உங்கள் பெயருக்கான டிஎன்எஸ் பதில்களை வைத்திருக்கும் நேம்சர்வரையே மாற்றினால் இந்தக் கணக்கு செல்லாது, அந்த ஆயுளை வைத்திருப்பது டாட் காம் போன்றவற்றை நடத்தும் பதிவகம். டாட் காமுக்கு அது 1,72,800 விநாடி, இரண்டு நாள்.

இரண்டாவதுதான் காசைக் கரைக்கும் தவறு. உங்கள் ஆள் நேம்சர்வரை மாற்றியிருக்கிறார். மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்கிற எம்எக்ஸ் ரெக்கார்டு பழைய நேம்சர்வரில் இருந்தது, புதியதில் அதை யாரும் எழுதவில்லை. எம்எக்ஸ் இல்லாவிட்டால் அனுப்புகிற சர்வர் உங்கள் வெப்சைட் இருக்கும் மெஷினுக்கே மெயிலைக் கொண்டுபோகும். அங்கே உங்கள் பெயரில் பெட்டி இல்லை, ‘அப்படி யாரும் இல்லை’ என்று திருப்பிவிடும். அனுப்பியவருக்கு ‘மெயில் சேரவில்லை’ என்ற பவுன்ஸ் போயிருக்கும். உங்களுக்கு எதுவும் தெரியாது. அந்தக் கொட்டேஷன்கள் தாமாகத் திரும்ப வராது, போன் போட்டு மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

பழைய நேம்சர்வர் கணக்குக்குள் போய் ஏ, எம்எக்ஸ், சிநேம், டிஎக்ஸ்டி என எல்லா ரெக்கார்டையும் படமெடுத்து அப்படியே புதியதில் எழுதுங்கள். டிஎக்ஸ்டியை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். மெயில் நிஜமாகவே உங்களுடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டும் அதில்தான் இருக்கின்றன. அவை இல்லையென்றால் நீங்கள் அனுப்பும் மெயில் வாடிக்கையாளரின் ஸ்பாம் பெட்டியில் விழும்.

தமிழ்லயே வெப்சைட் பேர் வாங்க முடியுமா?
– அச்சகத்தார், திருவொற்றியூர்

முடியும். டாட் இந்தியா என்று தமிழ் எழுத்திலேயே முடிகிற பெயர் உண்டு. டிஎன்எஸ்ஸுக்குள் அது தமிழாகப் போகாது. எக்ஸ்என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாறும். ஒரு பகுதிக்கு 63 எழுத்து வரம்பு இந்தக் கோவைக்குத்தான், எனவே பெயரைச் சுருக்கமாக வையுங்கள். பல விண்ணப்பப் படிவங்கள் தமிழ் மெயில் விலாசத்தை இன்னும் ஏற்பதில்லை. தளத்துக்குத் தமிழ்ப் பெயர், மெயிலுக்கு ஒரு டாட் இன் என்று இரண்டும் வாங்குவதே புத்திசாலித்தனம்.

வெளிநாட்டிலிருந்து வீட்டு கேமரா பாக்க போர்ட் ஃபார்வர்டிங் செஞ்சேன். எல்லாம் சரியாப் போட்டும் வரல.
– மாலுமி, எண்ணூர்

ரௌட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி (ரௌட்டரின் வெளிப்பக்க எண்) என்ன என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்கள் எத்தனை போர்ட் திறந்தும் பயனில்லை. நெட் கம்பெனி பல வீடுகளுக்கு ஒரே வெளி எண்ணைப் பங்குபோட்டுத் தந்திருக்கிறது. அப்பார்ட்மென்ட் வாசல் பூட்டியிருக்க, உங்கள் வீட்டுக் கதவைத் திறந்துவைத்தது போல. 10, 192.168 என்று தொடங்கினாலும் இதே கதை. கட்டணம் கட்டி ஸ்டேட்டிக் ஐபி (உங்களுக்கே ஒதுக்கிய வெளி எண்) வாங்கலாம், ஐபிவி6 என்ற புது வகை எண் கொடுக்கிறார்களா என்று கேட்கலாம், அல்லது கேமரா கம்பெனியின் ஆப் வழியாகப் பார்க்கலாம்.

ஸ்டேட்டிக் ஐபி வாங்கினாலும் டிவிஆரை நேராக வெளியே திறந்துவிடாதீர்கள் என்போம். ரௌட்டரில் விபிஎன் (பூட்டிய தனிப் பாதை) வைத்து அதன் வழியாக உள்ளே வாருங்கள். 2016 அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கிப் பெரிய பெரிய தளங்களை மணிக்கணக்கில் முடக்கியது மிராய் என்ற நச்சு நிரல். அதன் படை முழுக்க, கம்பெனி பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட வீட்டு கேமராக்களும் டிவிஆர்களும் ரௌட்டர்களும்தான்.

விண்டோஸ் 10 இருக்குற பழைய கம்ப்யூட்டர். 11 ஏறாதுங்குது. தூக்கிப் போடணுமா?
– பாலிடெக்னிக் மாணவர், வியாசர்பாடி

விண்டோஸ் 10க்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 உடன் நின்றன. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை. 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் பட்டியலில் உள்ள பிராசசரும் கட்டாயம். அது இல்லாத மெஷினில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடுங்கள். மின்ட் என்றதும் தங்கசாலையில் தேட வேண்டாம், இது இலவசமாக டவுன்லோட் ஆகும். 22ஆம் வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும்.

8 ஜிபி பென் டிரைவில் ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு எழுதி, எஃப்12 அழுத்தி அதிலிருந்தே கிளப்புங்கள். டிஸ்கைத் தொடாமல் முழு டெஸ்க்டாப்பும் ஓடும். அங்கேயே வைஃபை, சவுண்ட், பிரின்டர், தமிழ்99 தட்டச்சு நான்கையும் பாருங்கள். வைஃபை பிடிக்கவில்லை என்றால் போனை யுஎஸ்பி கம்பியில் இணைத்து டெதரிங் போட்டு, டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பல நேரம் அதுவே கண்டுபிடித்து இறக்கிக்கொள்ளும். எல்லாம் ஓடினால்தான் இன்ஸ்டால். ‘எரேஸ் டிஸ்க்’ அழுத்தும் முன் கோப்புகளை வெளியே எடுங்கள். 4 ஜிபி ராம் என்றால் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. ஹார்ட் டிஸ்கை எஸ்எஸ்டியாக மாற்றினால் கிடைக்கும் வேகம் வேறெதிலும் கிடைக்காது. வீட்டில் யாராவது டாலி பயன்படுத்தினால் மட்டும் நிறுத்துங்கள், அது விண்டோஸுக்காகச் செய்தது.

ரோடு தோண்டினதுலருந்து பெட்டில சிவப்பு லைட்.
– இல்லத்தரசி, கொடுங்கையூர்

எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பானால் ஃபைபரில் ஒளி வரவில்லை. நீங்கள் செய்யக் கூடியது, பெட்டிக்குப் பின்னால் மெல்லிய கம்பி மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பது மட்டும். கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் லேசர். பச்சை முனைக்குப் பதில் நீல முனை செருகினால் ஒளி பாதியில் வீணாகும். லைன்மேன் வந்து ஒட்டிய பிறகு ஒளியின் அளவு மீட்டரில் என்ன காட்டுகிறது என்று கேளுங்கள். மைனஸ் 8க்கும் மைனஸ் 27க்கும் நடுவில் இருக்க வேண்டும். மைனஸ் 26 என்றால் இன்று ஓடும், அடுத்த மழையில் நிற்கும். அவர் கிளம்பும் முன் மறுபடி ஒட்டச் சொல்லுங்கள்.

நான் பார்க்கும் வெப்சைட் சென்னையில இருக்கா, கடல் தாண்டி இருக்கான்னு எப்படித் தெரியும்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், புதுவண்ணாரப்பேட்டை

நல்ல கேள்வி தம்பி. சென்னையில் பல கடலடி கேபிள்கள் கரையேறுகின்றன. சிங்கப்பூருக்குப் போவது உண்டு, 2020 ஆகஸ்டில் திறந்த அந்தமான் கேபிளும் உண்டு. நெட் கம்பெனிகள் உள்ளூரிலேயே ஒருவருக்கொருவர் பொட்டலம் மாற்றிக்கொள்ள நிக்ஸி என்ற அமைப்பின் சந்திப்பு மையமும் இங்கே இருக்கிறது.

ஃபைபருக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சிங்கப்பூர் கேபிள் 3,000 கிலோமீட்டருக்குக் குறையாது. போக 15 மில்லிவிநாடி, வர 15. கம்பி போட்ட கம்ப்யூட்டரில் அந்தத் தளத்துக்குப் பிங் போட்டுப் பார். 30க்குக் கீழே ஒருமுறையாவது வந்தால் அது சிங்கப்பூரில் இருக்கவே முடியாது. 5க்குள் வந்தால் அநேகமாக சென்னையிலேயே, உன் வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில். அதிகமாக வந்தால் மட்டும் உடனே ‘வெளிநாடு’ என்று முடிவு கட்டாதே. பொட்டலம் மும்பை சுற்றி வந்திருக்கலாம். டிரேசர்ட் என்று ஆங்கிலத்தில் ஏழெழுத்துத் தட்டி (டி, ஆர், ஏ, சி, இ, ஆர், டி) பக்கத்தில் தளத்தின் பெயரைப் போட்டால் வழியிலுள்ள ஒவ்வொரு ரௌட்டரும் வரிசையாக வரும். நடுவில் நட்சத்திரக் குறி வந்தால் பயப்படாதே, அந்த ரௌட்டர் பதில் சொல்ல மறுக்கிறது, அவ்வளவுதான். எந்த வரியில் எண் திடீரென்று 30க்கு மேல் தாவி, அதன் பிறகு இறங்காமலே நிற்கிறதோ, அங்கேதான் பொட்டலம் சென்னையை விட்டுக் கிளம்பியிருக்கிறது.